மெக்கானிக்கலா, எலெக்ட்ரிக்கலா: நான் முடிவெடுத்த விதம்

சிங்கப்பூரில், இயந்திரமும் மின்னணுவும் சேர்ந்த மெகட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்தவனுக்குப் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் என இரண்டு பக்கமும் வழி உண்டு. கட்டாயத் தேசிய சேவை முடியும் தறுவாயில் விண்ணப்பிக்க உட்கார்ந்தபோது அதுவே பெரும் சங்கடமாகிவிட்டது. இரண்டுமே எனக்குப் பிடிக்கும். ஆகவே வேலைவாய்ப்பை வைத்தே முடிவெடுப்பது என்று துணிந்தேன்.

வீட்டில் அம்மா மெக்கானிக்கல் என்றாலே முகம் சுளிப்பார். காரணம் பெரியப்பா மகன். மெக்கானிக்கல் படித்து, எண்ணெய்த் துரப்பண மேடை கட்டும் தளம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தவர் அவர். அப்போது கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 100 டாலருக்கு மேல் விற்றது. 2014 நடுவில் சரியத் தொடங்கிய விலை 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே போனது. புது மேடை கேட்டு வர ஆளில்லை. அண்ணனுக்கு வேலை போயிற்று. இதைப் பற்றி அவரிடமே கேட்டேன். "அன்றைக்கு எலெக்ட்ரிக்கல் ஆட்களையும் சேர்த்துத்தான் அனுப்பினார்கள், தம்பி" என்றார். இப்போது உட்லண்ட்ஸில் ஒரு கணினிச் சில்லுத் தொழிற்சாலையில் வெற்றிடப் பம்புகளைக் கவனித்துக்கொள்கிறார், அதே மெக்கானிக்கல் பட்டத்தோடு.

அடுத்து, பட்டதாரி வேலைவாய்ப்புக் கருத்தாய்வைப் புரட்டினேன். படிப்பு முடித்து ஏறத்தாழ ஆறு மாதங்களில் எத்தனை விழுக்காட்டினர் வேலையில் இருக்கிறார்கள், இடைநிலைச் சம்பளம் (பாதிப் பேர் அதற்கு மேலும் பாதிப் பேர் கீழும் வாங்கும் தொகை) எவ்வளவு என்று ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். நம் பெற்றோர்கள் வேதவாக்காக எடுத்துக்கொள்ளும் பட்டியல் இது. ஆனால் பட்டதாரிகள் என்ன வேலையில் இருக்கிறார்கள் என்பதை அந்த வரிசை சொல்வதில்லை. எலெக்ட்ரிக்கல் முடித்துவிட்டு மென்பொருள் எழுதுபவரும் எலெக்ட்ரிக்கல் கணக்கில்தான் வருவார். மெக்கானிக்கல் முடித்து வங்கிக்குப் போனவர் மெக்கானிக்கல் கணக்கில். இந்த எண்களை மட்டும் வைத்து ஒரு பிள்ளையின் படிப்பைத் தீர்மானிப்பது சரியல்ல என்பேன்.

அதனால் மைகரியர்ஸ்ஃபியூச்சர் என்ற வேலை தேடும் இணையத்தளத்தில் வேலை விளம்பரங்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். பதவியின் பெயரை விட்டுவிட்டு, தகுதி என்ற பகுதியை மட்டும் பார்த்தேன். சில்லுத் தொழிற்சாலைகளின் கருவிப் பொறியாளர் வேலைகளில் பெரும்பாலும் 'மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல், மெகட்ரானிக்ஸ் அல்லது நிகரான பட்டம்' என்றே இருந்தது. அங்கே எதைப் படித்தாலும் ஒன்றுதான். சிலேத்தார் பக்கத்து விமான எஞ்சின் பணிகள், ஜூரோங் தீவின் அழுத்தக் குழாய்ப் பணிகள் போன்றவை மெக்கானிக்கலைக் கேட்டன. துணைமின்நிலையம், ரயில் மின்வழங்கல், கட்டட மின்னமைப்பு வேலைகள் எலெக்ட்ரிக்கலைத்தான் கேட்டன. இந்தக் கடைசி வகையில் 'உரிமம்' என்ற சொல் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது.

அதன் பொருள் விளங்கியது மாமாவோடு போனபோது. நகரத்தில் ஓர் அலுவலகக் கட்டடத்தில் தொழில்நுட்பராக இருக்கிறார். அடித்தளத்தில் குளிர்நீர்ப் பம்பு ஓடிக்கொண்டிருந்தது. நீளமான திருப்புளியின் முனையைப் பம்பின் தாங்கி (பேரிங்) உறையில் வைத்து, கைப்பிடியைக் காதோடு அழுத்திக் கேட்டார். "லேசாக உரசுகிறது, கிரீஸ் வைக்கவேண்டும்" என்று என்னையும் கேட்கச் சொன்னார். எனக்குச் சீரான இரைச்சல் மட்டுமே கேட்டது. பக்கத்துச் சுவரில் அதே பம்பின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் மின்பெட்டி. அதையும் தாண்டி, பூட்டிய மின்விசை அறை. "இதற்குள் என் இஷ்டத்துக்குக் கை வைக்க முடியாது, தம்பி. உரிமம் உள்ளவர் வரவேண்டும்" என்றார்.

எரிசக்திச் சந்தை ஆணையம் மின்பணியாளர்களுக்கு மூன்று நிலைகளில் உரிமம் தருகிறது. 45 கிலோவோல்ட் ஆம்பியருக்கு மேல் மின்சாரம் எடுக்கும் வணிக இடங்கள் உரிமம் பெற்ற ஒருவரை அமர்த்தியாக வேண்டும். உச்ச நிலையான மின்பொறியாளர் உரிமத்துக்கு எலெக்ட்ரிக்கல் பட்டமும் அனுபவமும் தேவை. மெக்கானிக்கல் படித்தவரும் நிபுணத்துவப் பொறியாளராகப் பதிந்துகொள்ளலாம், அது மதிப்புள்ள பதிவு. ஆனால் எண்ணெய் விலை ஏறினாலும் இறங்கினாலும் கடைத்தொகுதிக்கும் மருத்துவமனைக்கும் மின்சாரம் வேண்டும், அதற்குக் கையெழுத்திட ஒருவர் வேண்டும். நாற்பது வயதில் ஒரு தொழில் சரிந்தாலும் என்னோடு வரக்கூடியது அந்த உரிமம். எலெக்ட்ரிக்கலை முதல் விருப்பமாகப் போட்டேன்.

கணக்குக்கு அஞ்சுபவர்கள் யோசித்துச் சேருங்கள். மின்காந்தவியலும் சமிக்ஞைப் பாடமும் வாட்டி எடுக்கும். பதினாறு, பதினேழு வயதில் முடிவெடுக்க முடியாத தம்பி தங்கையருக்குப் பாலிடெக்னிக்குகளில் பொதுப் பொறியியல் திட்டம் இருக்கிறது. சேர்ந்து சில மாதங்கள் படித்துப் பார்த்துவிட்டுப் பிரிவைத் தேர்ந்தெடுக்கலாம்.

நான் இப்போது மூன்றாம் ஆண்டில் மின்திறன் பாடங்களை எடுத்திருக்கிறேன். வேலைப் பயிற்சிக்குக் கட்டடச் சேவை நிறுவனங்களுக்கு மட்டுமே விண்ணப்பித்திருக்கிறேன்.