ஆறில் மூன்று

1988-இல் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், ஆபீசில் கொடுத்த டைரியின் கடைசிப் பக்கத்தில் பதினோரு ஆசைகளை எழுதி வைத்தேன். மேலே ‘சாகுறதுக்குள்ள’ என்று தலைப்பு. இப்போது அதற்குப் பக்கெட் லிஸ்ட் என்று பெயராம், மகள் சொன்னாள். கப்பலில் அந்தமான், ஆடி மாதத்து ஜோக் அருவி என்று ஒன்றிரண்டுக்கு டிக் விழுந்திருக்கிறது. மீதியை நானே அடித்துவிட்டேன். பாராசூட்டில் குதிக்கிற வயசா இது? ஏழாவது மட்டும் அப்படியே இருந்தது: ‘ஸ்பெயின், காளைச் சண்டை’.

எங்கள் ஊர் சலூனில் கிடந்த அட்டை கிழிந்த பத்திரிகையில் பார்த்த படம்தான் காரணம். சரிகை உடுப்புப் போட்ட ஒருவன் இடுப்பை வளைத்து நிற்கிறான். அவன் வயிற்றை உரசிக்கொண்டு ஒரு கறுப்புக் காளை போகிறது. பாலமேட்டிலும் அலங்காநல்லூரிலும் மரக்கிளையில் தொத்திக்கொண்டு வாடிவாசலைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அது போதாதா? அந்தப் படத்தில் ரத்தம் இல்லை.

2024 ஏப்ரலில் ஓய்வு பெற்றேன். மகள் மாட்ரிட்டில் முதுகலை படித்துக்கொண்டிருந்தாள். மே மாதம் புறப்பட்டுப் போய்விட்டேன். மாட்ரிட்டில் சான் இசித்ரோ திருவிழா மே மாதம்தான். அதையொட்டி லாஸ் வென்ட்டாஸ் மைதானத்தில் வாரக்கணக்கில் ஏறக்குறைய தினமும் காளைச் சண்டை நடக்கும். “அவ்வளவு தூரம் போயும் மாடுதானா?” என்றாள் மனைவி போனில்.

மகளின் பதில் இன்னும் சுருக்கம். “நான் வரமாட்டேன்ப்பா. நீங்க போறதுன்னா போங்க. ஆனா போய்ட்டு வந்து எங்கிட்ட கதை சொல்லக்கூடாது.”

எனக்குச் சுருக்கென்றது. 2017 ஜனவரியில் பத்தாம் வகுப்புப் படிக்கிறவளைக் கையைப் பிடித்து மதுரை தமுக்கத்துக்குக் கூட்டிப்போனவன் நான். ஜல்லிக்கட்டுக்காகத் தொண்டை கட்டுகிற அளவுக்குக் கத்தியவள் அவள். அதைச் சொல்லிக் காட்டினேன்.

“இங்க எல்லாரும் எங்கிட்ட அதைத்தான்ப்பா கேக்குறாங்க. ‘உங்க ஊர்லயும் இதே இருக்காமே’ன்னு. நான் ஒவ்வொரு தடவையும் ‘இல்ல, எங்க மாடு சாயங்காலம் வீட்டுக்கு வந்துரும்’னு சொல்லிக்கிட்டிருக்கேன். இப்ப எங்கப்பாவே டிக்கெட் வாங்கிட்டு உள்ள போனா நான் என்ன சொல்றது?”

அவள் கோழி சாப்பிடுகிறவள். அதையும் இழுத்தேன். “சாப்பிடக் கொல்றதும் டிக்கெட் போட்டுக் கொல்றதும் ஒண்ணா?” என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. வாலை முறுக்கிக் காளையைக் கிளப்பிவிடுவதைச் சின்ன வயதில் கண்ணால் கண்டவன் என்பதால், ‘நம்ம ஊர் வேற’ என்று மார்தட்டவும் முழுசாக வாய் வரவில்லை.

டிக்கெட் நான் வாங்கவில்லை, அதுவாகவே கிடைத்தது. மகளோடு ஒரே வீட்டில் தங்கியிருக்கும் ஸ்பானியப் பெண்ணின் தாத்தா வென்ட்டாஸில் பல வருஷத்துச் சந்தாதாரர், இரண்டு இடம் வைத்திருக்கிறார். பாட்டி இறந்து மூன்று வருஷம் ஆகியும் பாட்டியின் இடத்துக்குச் சந்தா கட்டுவதை அவர் நிறுத்தவில்லை. இந்தியாவிலிருந்து ஒருவர் பார்க்க ஆசைப்படுகிறார் என்று பேத்தி சொன்னதும் என்னை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார். அந்தப் பேத்தியோ காளைச் சண்டையை எதிர்த்து ஊர்வலம் போகிறவள்! எங்கள் வீட்டில் நடக்கிற சண்டைதான் அங்கேயும்.

உருளைக்கிழங்கு ஆம்லெட்டைத் துண்டு போட்டுக்கொண்டே தாத்தா பேசினார், பேத்தி முகத்தைச் சுளித்தபடி மொழிபெயர்த்தாள். பண்ணைக் கன்றுக்குட்டி கொட்டடியில் பிறந்து கொட்டடியிலேயே சாகிறது. சண்டைக்காளை நாலு வருஷத்துக்கு மேல் ஓக் மரக்காட்டில் இஷ்டத்துக்குத் திரிகிறது. இந்த விளையாட்டு நின்றால் அந்த இனத்தை எவன் தீனி போட்டு வளர்ப்பான்? பேத்தி இதை மொழிபெயர்த்து முடித்துவிட்டுத் தன் பங்குக்கு எங்களிடம் சொன்னாள்: “நல்லா வாழ்ந்துச்சுங்கிறதுக்காக இருபது நிமிஷம் சித்திரவதை பண்ணலாமா?” தாத்தா என்ன சொன்னாய் என்று கேட்டார். அவள் சொன்னாள். அவர் ரொட்டியை எடுத்துத் தட்டைத் துடைக்க ஆரம்பித்தார். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் பேசித் தேய்ந்த பேச்சு என்று தெரிந்தது.

வீட்டுக்குள்தான் இந்தச் சண்டை என்றில்லை. அந்த மே மாதத்தில்தான் ஸ்பெயினின் கலாச்சார அமைச்சகம் காளைச் சண்டைக்குக் கொடுத்துவந்த 30,000 யூரோ தேசிய விருதை நிறுத்துவதாக அறிவித்திருந்தது. அதே நாட்டில், காளைச் சண்டை பண்பாட்டுச் சொத்து என்று 2013-இல் போட்ட சட்டமும் அமலில் இருக்கிறது. பார்சிலோனா இருக்கிற கட்டலோனியா மாநிலத்தின் நாடாளுமன்றம் 2010-இல் தடை போட்டது. பார்சிலோனாவில் கடைசிச் சண்டை 2011 செப்டம்பரில் நடந்தது. 2016-இல் அரசியல் சாசன நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தும் அங்கே திரும்ப ஒரு சண்டைகூட நடக்கவில்லை. பார்சிலோனாவின் இன்னொரு சண்டை மைதானம் இப்போது ஷாப்பிங் மால். நம் ஊர்க் கதை நேர்மாறு: 2014-இல் உச்ச நீதிமன்றம் தடை போட்டது, 2017-இல் கூட்டம் கூடிச் சட்டத்தை மாற்ற வைத்தது, 2023-இல் அதே உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றது.

சாயங்காலம் ஏழு மணிக்கு ஆட்டம். வென்ட்டாஸ் மெட்ரோவில் படியேறி வெளியே வந்தால் நேர் எதிரே செங்கல் கோட்டை மாதிரி நிற்கிறது மைதானம். லாட வளைவுகள், நடுநடுவே வண்ண ஓடுகள். 1931-இல் திறந்தது, ஏறக்குறைய 23,000 பேர் உட்காரலாம். மகள் வாசல் வரை வந்தாள். வாசலில் ஒரு சிலை: தூண் மேல் ஒரு வெள்ளைக்காரரின் மார்பளவுச் சிலை, கீழே ஒரு மட்டடோர், அதாவது காளையை வாளால் கொல்கிற வீரன், தொப்பியைக் கழற்றி அவருக்கு மரியாதை செய்கிறான். யார் இந்தப் பெரிய வீரர் என்று கிட்டே போய்ப் பார்த்தால் அலெக்சாண்டர் ஃபிளெமிங்! பென்சிலின் கண்டுபிடித்தவர். கொம்பு குத்திய புண் சீழ் பிடித்துச் செத்தவர்கள் அந்தக் காலத்தில் அவ்வளவு பேர். பிழைத்தவர்கள் நன்றிக்கு வைத்த சிலை. “நான் இவர்கூட இருக்கேன்” என்று சொல்லிவிட்டு மகள் பக்கத்திலேயே உட்கார்ந்து புத்தகத்தை விரித்தாள்.

எங்கள் இடம் ஏழாம் நம்பர் பகுதி, வெயில் பக்கம். மதுரைக்காரனுக்கு மாட்ரிட் வெயில் ஒரு வெயிலா? ஆனால் இருக்கை என்று எதுவும் கிடையாது. வெறும் கல்படி, பின்னால் இருப்பவரின் முழங்கால் நம் முதுகில். வாடகைக்குக் குஷன் கொடுக்கிறார்கள், தாத்தா இரண்டு வாங்கினார். பாட்டியின் இடத்தை ஒருமுறை கையால் தட்டிவிட்டு என் குஷனைப் போட்டார். எங்களுக்குள் பொது மொழி ஒரு வார்த்தை இல்லை. ‘மிரா’ என்றால் ‘பார்’ என்பது மட்டும் ஐந்து நிமிஷத்தில் விளங்கியது. சொல்லும்போதெல்லாம் என் மணிக்கட்டில் ஒரு குத்து விடுவார்.

ஆறு காளை, மூன்று மட்டடோர், ஆளுக்கு இரண்டு. வெள்ளைக் கைக்குட்டையை மேலே மாடத்தில் இருக்கும் தலைவர் தொங்கவிட்டால் ஆட்டம் ஆரம்பம். ஒவ்வொரு காளைக்கும் முன்னால் ஒருவர் பலகையைத் தூக்கிக்காட்டுகிறார்: பேர், பிறந்த மாதம், எடை. முதல் காளை 538 கிலோ. மணலில் ஓடிவந்து நடுவில் நின்று நாலாப் பக்கமும் பார்த்தது. வாடிவாசலைத் தாண்டியதும் ஒரு காளை நின்று பார்க்குமே, அதே பார்வை.

அதுவரைதான் எனக்குத் தெரிந்த ஊர். கண் கட்டிய குதிரை மேல் ஈட்டிக்காரர் வந்தார், பிக்கடோர். குதிரைக்கு மெத்தை மாதிரிக் கவசம். 1928-க்கு முன்னால் அதுவும் கிடையாதாம், குதிரைகள் குடல் சரிந்து சாகுமாம். காளை குதிரையை முட்டித் தூக்கப் பார்க்க, அவர் மேலிருந்து அதன் திமில் பக்கத்தில் ஈட்டியை இறக்கிச் சாய்ந்து அழுத்துகிறார். அந்தத் தசை தளர்ந்தால்தான் தலை தாழும், தலை தாழ்ந்தால்தான் கடைசியில் வாள் இறங்க வழி கிடைக்கும். நம் ஊரில் திமிலைத்தான் பிடிப்போம். கறுப்புத் தோலில் ரத்தம் சிவப்பாகத் தெரிவதில்லை, எண்ணெய் தடவின மாதிரிப் பளபளவென்று இருக்கிறது. காலில் வழிந்து குளம்புக்கு வந்து மணலில் பட்ட பிறகுதான் சிவப்பு. சுற்றிலும் சூரியகாந்தி விதை கொறிக்கிற சத்தம். பிறகு வண்ணக் காகிதம் சுற்றிய முள்ளீட்டிகள் மூன்று ஜோடி, பிறகு சிவப்புத் துணி, வாள். முதல் காளைக்கு நான் பாதி நேரம் தாத்தாவின் செருப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது காளையில்தான் அது நடந்தது. எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

அந்த மட்டடோர் சின்னப் பையன், இருபத்தைந்து இருக்கலாம். மைதானத்தின் நடுவில் காலை நகர்த்தாமல் நின்று துணியை மணலோடு மணலாக இழுத்தான். காளைக்குச் சிவப்பு நிறம் தெரியாது, துணியின் அசைவுக்குத்தான் வருகிறது. அது துணியின் நுனியை மூக்கால் தொடுகிற தூரத்தில், அதே வேகத்தில், அவனைச் சுற்றி வளைந்தது. திரும்பவும். திரும்பவும். ஒவ்வொரு சுற்றுக்கும் கொம்பு அவன் தொடைக்குக் கிட்டே வந்தது. சலூன் பத்திரிகைப் படம் அப்படியே அசைகிறது. வென்ட்டாஸில் இந்த நேரத்தில் பாண்டு வாத்தியம் வாசிப்பதில்லை. காளை மூச்சுவிடுகிற சத்தம்கூடக் கேட்கிற மாதிரி இருந்தது. நாலாவது சுற்றில் மொத்த மைதானமும் ஒரே தொண்டையில் “ஓலே” என்றது. ஐந்தாவது சுற்றில் என் தொண்டையும்.

கத்தினேன். யாரும் என்னைக் கத்தச் சொல்லவில்லை. தோளில் மூன்று ஜோடி முள்ளோடு, இரண்டு பக்கமும் ரத்தம் வழிய ஒரு ஜீவன் ஓடிக்கொண்டிருந்ததும் என் கண்ணுக்குத் தெரிந்துகொண்டுதான் இருந்தது.

வாள் ஒரே குத்தில் இறங்கியது. காளை சில நொடியில் சாய்ந்தது. வியர்த்துக் கொட்டியது எனக்கு. பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை எடுத்தேன், தாத்தா பாய்ந்து என் கையைக் கீழே அமுக்கினார். சுற்றிப் பார்த்தால் மைதானம் பூராவும் வெள்ளைக் கைக்குட்டைகள். மட்டடோருக்குக் காளையின் காதைப் பரிசாகக் கொடுக்கச் சொல்லி ஜனங்கள் போடுகிற ஓட்டு அது. ஏழாம் பகுதிக்காரர்கள் லேசில் ஓட்டுப் போடமாட்டார்களாம், மாட்ரிட்டிலேயே கறாரான கூட்டம் என்று பிறகு பேத்தி சொன்னாள். என் முகத்தை நான் சட்டைக்கையில் துடைத்துக்கொண்டேன். தாத்தாவின் ஓட்டு இல்லாமலே ஒரு காது கிடைத்தது.

மூன்றாவது காளையின் எடை நினைவில் இல்லை. ஆட்டக்காரர் வேறொருவர். வாள் எலும்பில் பட்டுத் தெறித்தது. மறுபடி குத்தினார், பாதிதான் போயிற்று. காளை விழவில்லை. மெதுவாக நடந்து பலகைத் தடுப்போரம் போய், மழைக்கு ஒதுங்கின மாடு மாதிரி அதில் சாய்ந்துகொண்டு நின்றது. எங்களுக்கு நேர் கீழே. நாக்கு தொங்கியது. மூன்று பேர் துணியை இடமும் வலமும் வீசி அதைத் தலை சுற்றி விழவைக்கப் பார்த்தார்கள். அது துணியை முட்டவில்லை, பார்க்க மட்டும் செய்தது. எக்காளம் ஊதினார்கள், நேரமாகிறது என்று ஆட்டக்காரருக்கு எச்சரிக்கை. கூட்டம் விசிலடித்தது. காளைக்காக அல்ல, அவருடைய வேலை சுத்தமில்லை என்பதற்காக.

எழுந்தேன். தாத்தா உட்காரும்படி சைகை செய்தார். மைதானத்தில் காளை உயிரோடு இருக்கும்வரை யாரும் இடத்தை விட்டு எழுந்து போகக் கூடாது. உட்கார்ந்தேன். பிடரியில் வேறொரு வாளால் குத்தினார்கள், இரண்டாவது முயற்சியில் கால் நாலும் ஒரே நேரத்தில் மடங்கியது. தாத்தா இந்த முறை ‘மிரா’ என்று சொல்லவில்லை. அவரும் தடுப்புப் பக்கம் பார்க்காமல் எதிர்ப்பக்கக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மணி கட்டிய கோவேறு கழுதைகள் வந்து இழுத்துப்போயின. மணலைக் கீறிச் சமன் செய்தார்கள். தாத்தா அலுமினியக் காகிதத்தைப் பிரித்து ரொட்டியில் பாதியை என்னிடம் நீட்டினார். நான் வயிற்றைத் தொட்டுக் காட்டி, வாசலைக் காட்டினேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினார். நான் எழுந்ததும் என் குஷனை எடுத்துத் தன் குஷன் மேல் போட்டு அதில் உட்கார்ந்துகொண்டார்.

வெளியே மகள் அதே இடத்தில் இருந்தாள். கதை சொல்லக்கூடாது என்றவள், “எத்தனை?” என்று கேட்டாள். மூன்று என்றேன். மைதானத்தைச் சுற்றியுள்ள கடைகளில் காளை வால் குழம்புக்கு வெளியே பலகை வைத்திருந்தார்கள். அதைத் தாண்டி அல்காலா தெருவில் கொஞ்ச தூரம் நடந்து ஒரு காபிக் கடையில் உட்கார்ந்தோம். மூன்றாவது காளையைப் பற்றிச் சொன்னேன். தடுப்பில் சாய்ந்து நின்றதையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். இரண்டாவதைப் பற்றி நான் பேச்சே எடுக்கவில்லை.

ராத்திரி பத்து மணிக்கு அவள் போனில் டிங் என்றது. தாத்தா பேத்திக்கு அனுப்பி, பேத்தி இவளுக்கு அனுப்பிய செய்தி. படித்துவிட்டு என்னிடம் நீட்டாமல் தானே வாசித்தாள்.

“அடுத்த மேயிலயும் அந்த இடம் உங்களுக்குத்தானாம்ப்பா. கைக்குட்டை மட்டும் கொண்டுவர வேணாமாம். ஆனா ‘ஓலே’ மட்டும் சரியான நேரத்துல, நல்லா சத்தமா சொன்னீங்களாம்.”

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தோசைக்கு ஊறப்போட்ட அரிசியைக் கழுவப் போய்விட்டாள்.