மூன்று சுரத்தில் ஒரு நாள்

நான் வளர்ந்த இடத்தின் பெயரே பட்டாளம். வடசென்னையில் புளியந்தோப்புக்கும் ஓட்டேரிக்கும் பக்கத்தில், பெரம்பூர் பேரக்ஸ் ரோட்டை ஒட்டி இருக்கிறது. எங்கள் தெருவில் மணி பார்க்க யாரும் கடிகாரத்தைத் தேட மாட்டார்கள். பி அண்டு சி மில்லின் சங்கு போதும். முதல் சங்குக்கு அம்மா அடுப்பைப் பற்றவைப்பார். அடுத்த சங்குக்குள் அப்பா சைக்கிளைத் திண்ணையிலிருந்து இறக்கியிருப்பார். அந்த மில்லின் காக்கித் துணி பெயர் பெற்றது. ராணுவத்துக்கும் போகும் என்று அப்பா பெருமையாகச் சொல்வார்.

அதே தெருவில் ஒருவர் இறந்துபோனாலும் சங்குதான் ஊதும். அது கடலில் கிடைக்கிற சங்கு, பாடைக்கு முன்னால் ஊதிக்கொண்டு போவது. வேலைக்குக் கூப்பிடுவதற்கும் சுடுகாட்டுக்குக் கூட்டிப்போவதற்கும் ஒரே பெயர் எப்படி வந்தது என்று சின்ன வயதில் குழம்பியிருக்கிறேன். யாரிடமும் கேட்டதில்லை.

1989இல் நான் நிஜப் பட்டாளத்துக்குப் போனேன். சென்ட்ரலில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறி, மேட்டுப்பாளையத்தில் மலை ரயிலுக்கு மாறி, வெலிங்டனில் இறங்கினோம். மெட்ராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மையம் அங்கேதான் இருக்கிறது. 1758இல் தொடங்கும் வரலாறு அதற்கு. கடற்கரைப் புழுக்கத்தில் வளர்ந்த உடம்புக்கு அந்தக் குளிர் பெரிய அடி. முதல் நாள் இரவு மூன்று கம்பளி போர்த்தியும் தூக்கம் வரவில்லை. கடைசியில் கண் அசந்த நேரத்தில், இருட்டைக் கிழித்துக்கொண்டு பியூகிள் கேட்டது, பட்டாளத்தில் ஊதுகிற உலோகக் குழல். ஒரு நொடி, மில் சங்கு என்றே நினைத்தேன். அப்பா கிளம்பிவிட்டாரா என்று எழுந்து உட்கார்ந்தேன்.

எங்கள் பேட்சில் தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம் எல்லாம் இருந்தன. கட்டளை இந்தியில் வரும். பாதிப் பேருக்கு 'சாவ்தான்' (விறைத்து நில்), 'விஷ்ராம்' (தளர்ந்து நில்) தாண்டி ஒன்றும் புரியாது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத்தான் திரும்புவோம். ஆனால் ஒரே வாரத்தில் பியூகிள் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. விடிகாலையில் எழுப்புவது ரௌஸ். அப்புறம் வரிசையில் நிற்கக் கூப்பிடும் ஃபாலின், உடம்பு சரியில்லாதவர்களைக் கூப்பிடும் அழைப்பு, சாப்பாட்டு அழைப்பு. சூரியன் சாயும்போது ரிட்ரீட், இரவில் லாஸ்ட் போஸ்ட், கடைசியாக லைட்ஸ் அவுட். சாப்பாட்டு அழைப்புக்கு எங்கள் பேரக்கில் பாட்டே கட்டிவிட்டோம்: 'சோறு வந்தாச்சு, தட்டு எங்கடா, தட்டு எங்கடா.' மெட்டில் அப்படியே உட்காரும். கர்நாடகத்துப் பையன்கள்கூட அதைத் தமிழிலேயே பாடுவார்கள்.

பயிற்சி முடிகிற சமயத்தில் என்னை பேண்டில் சேர்த்தார்கள். பியூகிள் கற்றுக்கொடுத்த உஸ்தாத் வியாசர்பாடிக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மற்றவர்கள் முன்னால் 'உஸ்தாத்', தனியாக இருக்கும்போது 'அண்ணே'. முதல் நாள் கருவியைக் கையில் கொடுத்து, "இதுல பட்டன் எங்க இருக்கு, சொல்லு" என்றார். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இல்லை. செம்புத் தகட்டைக் கூம்பாகச் சுருட்டி, இரண்டு சுற்று வளைத்து, பித்தளை விளிம்பு வைத்த குழாய், அவ்வளவுதான். டிரம்பெட்டில் இருக்கிற மாதிரி அமுக்குகிற வால்வு கிடையாது. உதட்டை இறுக்குவதிலும் மூச்சின் அழுத்தத்திலும்தான் சுரம் மாறும்.

அழைப்புகளுக்குப் பயன்படுவது மொத்தம் ஐந்து இடங்கள். நம் கணக்கில் சொன்னால் கீழே ஒரு ச, ஒரு ப. மேலே மறுபடியும் ச, அப்புறம் க, ப. ச, க, ப என்று மூன்றே சுரம். ரி, ம, த, நி எதுவும் இல்லை. ஒரு பட்டாலியனின் முழு நாளும் இந்த மூன்றுக்குள் அடங்கியிருக்கிறது என்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான். தாளமும் நீட்டமும் மாறினால் சோறு, இன்னொரு விதமாக மாறினால் தீ விபத்து.

அன்று காட்டியதோடு சரி, உஸ்தாத் இரண்டு வாரம் கருவியைத் தொடவிடவில்லை. வாய் வைக்கிற துண்டை மட்டும் கழற்றிக் கொடுத்தார். "கன்னத்தை உப்பாத. உதட்டு ஓரம் இறுகட்டும், நடு உதடு அதிரட்டும். காத்து வயித்துல இருந்து வரணும்." அதில் வண்டு பறக்கிற சத்தம்தான் வரும். அதையே காலையும் மாலையும் ஊதினேன். உதடு வெடித்து ரத்தம் வந்தது, தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டேன். வெலிங்டன் குளிரில் உலோகம் உதட்டில் ஒட்டும். குழாய்க்குள் இருக்கிற காற்று குளிர்ந்தால் சுருதியும் இறங்கிவிடும். அதனால் வாய்த்துண்டைச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துச் சூடாக்கி, சத்தம் வராமல் குழாய்க்குள் நாலு மூச்சு விட்டு, அப்புறம்தான் ஊத வேண்டும். இதெல்லாம் முடிந்து மேல் ப முதல் தடவை சுத்தமாக விழுந்த அன்று, உஸ்தாத் தன் பங்கு டீயை என் மக்கில் ஊற்றினார்.

எல்லோரையும் எழுப்புகிறவனை எழுப்புவது குவார்ட்டர் கார்டு சென்ட்ரி, இரவுக் காவலில் நிற்கிறவர். அவர் வந்து காலைத் தட்டுவார். ஒருநாள் தட்டினார், நான் "சரி" என்று சொல்லிவிட்டு மறுபடியும் தூங்கிப்போனேன். பத்து நிமிடம் தாமதம். அடித்துப்பிடித்து ஓடி ரௌஸ் ஊதினேன். தண்டனை வரும் என்று காத்திருந்தேன், வந்தது. ஆனால் அதைவிட எனக்கு உறைத்தது வேறு. உஸ்தாத் என்னை லங்கருக்கு, எங்கள் சமையல் கூடத்துக்கு, கூட்டிப்போனார். பெரிய பெரிய அண்டாவில் டீ கொதித்துக் கொதித்து கசாயமாகியிருந்தது. சமையல்காரர் ஒன்றும் சொல்லாமல் கரண்டியால் ஏட்டை விலக்கிக் காட்டினார். வெளியே வரிசையில் நின்றவர்கள் பாதி மக்கோடு கீழே வைத்துவிட்டு பி.டி.க்கு ஓடினார்கள். "நீ ஊதுறது நோட்டு இல்லடா. அத்தனை பேரோட டீ அது" என்றார் உஸ்தாத். அதற்கப்புறம் பணியிலிருந்த காலம் முழுவதும் சென்ட்ரி வருவதற்கு முன்பே விழித்திருந்தேன்.

ரிட்ரீட் என்றால் பின்வாங்குவது என்று வெளியாட்கள் நினைப்பார்கள். அப்படி இல்லை. பொழுது சாய்ந்தால் சண்டையை நிறுத்திப் பாசறைக்குத் திரும்பும் பழைய வழக்கத்தின் மிச்சம் அது. நம் ஊரில் பாரதக் கூத்து பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். குருக்ஷேத்திரத்திலும் சூரியன் இறங்கினால் போர் நிற்கும். கொடி இறங்கும்போது நான் ரிட்ரீட் ஊதுவேன். அந்த நிமிடம் வளாகத்தில் நடப்பவர் நிற்பார், சைக்கிள்காரர் இறங்கி சாவ்தானில் நிற்பார், ஜீப்பும் நிற்கும். வாலிபால் பந்து தானாக உருண்டு ஓரத்துக்குப் போகும், எடுக்க யாரும் அசைய மாட்டார்கள். என் மூச்சு முடிகிற வரைக்கும் அத்தனை பேரும் நிற்கிறார்கள் என்ற நினைப்பு தோளை நிமிர்த்தும், கூடவே ஒரு பயத்தையும் கொடுக்கும்.

வயர்லெஸ் வருவதற்கு முந்தைய காலத்தில் சண்டைக் களத்திலும் இதுதான் கட்டளை. பீரங்கிச் சத்தத்தில் மனிதக் குரல் எடுபடாது, பியூகிள் எடுபடும். முன்னேறு, சுடுவதை நிறுத்து, எல்லாவற்றுக்கும் ஓர் அழைப்பு இருந்தது. என் காலத்தில் அந்த வேலை போய்விட்டது. சண்டை என்று வந்தால் பேண்டுக்காரர்களுக்கு ஸ்ட்ரெச்சர் தூக்குகிற வேலை. அடிபட்டவனைச் சுமந்து வருகிற அதே கைதான் அவனுக்காக பியூகிளும் எடுக்கும். வடக்கே ஒரு மலை முகாமில் எனக்கு அப்படி ஒரு தடவை நேர்ந்தது. அதைப் பற்றி அதிகம் எழுத முடியவில்லை. 'ஷோக் ஷஸ்த்ர' கட்டளைக்குத் துப்பாக்கிகள் தலைகீழாகின. நான் லாஸ்ட் போஸ்ட் ஊதினேன். நடுவில் ஒரு சுரம் உடைந்தது. குளிர் என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள்.

லாஸ்ட் போஸ்ட் என்ற பெயரிலேயே ஒரு விஷயம் இருக்கிறது. பழைய பிரிட்டிஷ் பட்டாளத்தில் இரவானதும் அதிகாரி ஒவ்வொரு காவல் இடமாகப் பார்த்துக்கொண்டு போவார். கடைசிக் காவலையும் பார்த்து முடித்ததற்கு அடையாளமாக ஊதியது அது. எல்லாம் சரியாக இருக்கிறது, இனிப் படுக்கலாம் என்று அர்த்தம். அப்புறம்தான் அது அடக்கத்துக்கு வந்து சேர்ந்தது. நினைவு நிகழ்ச்சிகளில் லாஸ்ட் போஸ்ட் முடிந்து மௌனம் இருக்கும், அதன் பிறகு ரௌஸ் ஊதுவார்கள். காலையில் எங்களை எழுப்பிய அதே ரௌஸ். இன்றும் ஜூலை 26, கார்கில் நாளில், காமராஜர் சாலை போர் நினைவுச் சின்னத்துக்குப் போய் ஓரமாக நிற்பேன். பஸ் ஹார்ன்களுக்கு நடுவிலும் அந்த இரண்டையும் காது தேடிப் பிடித்துவிடும்.

1996இல் மில் மூடிய பிறகு விடுமுறையில் வந்தேன். அப்பா அதற்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டார். முதல் நாள் காலை வழக்கமான நேரத்துக்கு எனக்கு விழிப்பு வந்தது. வெளியே ஒரு சத்தமும் இல்லை. எட்டிப் பார்த்தால் அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அம்மா அடுப்பைப் பற்றவைத்திருந்தார். மூன்று பேருமே ஊதாத சங்குக்கு எழுந்திருந்தோம்.

நான் ஓய்வு பெற்று ஊருக்கு வந்தபோது, உஸ்தாத் வியாசர்பாடியில் முன்பே குடியேறியிருந்தார். மாதம் ஒருமுறை போய்ப் பார்ப்பேன். போன வருடம் அவர் போய்விட்டார் என்று விடிகாலையில் போன் வந்தது. பழைய சாமான் கடையில் வாங்கி வைத்திருந்த என் பியூகிளை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். பல வருடம் விட்டுப்போன உதடு. அண்டை வீட்டுக்காரர்கள் எழுந்துவிடக் கூடாதே என்று வாய்த்துண்டை மட்டும் வைத்து ஒரு மணி நேரம் ஊதிப் பார்த்தேன்.

தெருவில் ஷாமியானா, கண்ணாடிப் பெட்டி, ரோஜா மாலைகள். மேளக்காரர்கள் சுருதி ஏற அடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் மகனிடம் கேட்டேன். அவன் போய் மேளக்காரர்களின் காதில் சொன்னான். அவர்கள் நிறுத்தி, குச்சிகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டார்கள். சங்கு ஊதுகிற பெரியவர் துண்டை இடுப்பில் கட்டி ஒதுங்கி நின்றார். நான் நெஞ்சோடு வைத்திருந்த வாய்த்துண்டை எடுத்து மாட்டினேன். லாஸ்ட் போஸ்ட் ஊதினேன். இந்தத் தடவை எந்தச் சுரமும் உடையவில்லை.

அப்புறம் மௌனம். யாரும் சொல்லாமலேயே தெரு அமைதியாக இருந்தது. எங்கோ குடம் நிரம்பி வழிகிற சத்தம் மட்டும் கேட்டது. மனதுக்குள் எண்ணிக்கொண்டே இருந்து, நேரம் ஆனதும் ரௌஸ் ஊதினேன்.

அண்ணி பெட்டியின் ஓரத்திலிருந்து தலை நிமிர்ந்தார். "ரெண்டாவது ஊதுனியே தம்பி, அது இன்னாது?"

"காலைல எழுப்புறது அண்ணி."

அவர் கண்ணாடியைக் கையால் துடைத்தார். "அவர யாருப்பா எழுப்பணும்? டெய்லி நாலரைக்கெல்லாம் தானா எழுந்துடுவாரு."

சங்குக்காரப் பெரியவர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அவர் சங்கைத் துண்டில் துடைத்து வாயருகே கொண்டுபோனார்.