சுனௌலி எல்லையில் இலங்கைக் கடவுச்சீட்டுடன்

இலங்கையின் மலையகத்திலிருந்து காசிக்குப் போகிறவர்களில் சிலர் பசுபதிநாதரையும் தரிசிக்க விரும்பி, கோரக்பூருக்கு அப்பால் சுனௌலியில் தரைவழியாக நேபாளத்துக்குள் நுழைகின்றனர். அம்மாவுடன் அவ்வழியே சென்றபோது நடந்ததை, அடுத்துப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

1950ஆம் ஆண்டின் உடன்படிக்கையை ஒட்டி, இந்தியரும் நேபாளியரும் விசா இன்றியே அந்த எல்லையைக் கடக்கின்றனர். இந்தியருக்கு வாக்காளர் அட்டை போதும். எங்களோடு வந்த தமிழ்நாட்டு யாத்திரிகர்கள் அதைக் காட்டிவிட்டு நடந்தே போனார்கள். அதே தமிழும் அதே திருநீறும் என்பதால், காவலர் எங்களையும் கையசைத்து அனுப்பப் பார்த்தார். "கூட்டத்தோட போயிடுங்கம்மா, யாரும் கேட்க மாட்டாங்க" என்றார் வழிகாட்டி. நாங்கள் போகவில்லை. இந்தியாவை விட்டு வெளியேறிய முத்திரை இல்லாமல் அப்பால் போகும் இலங்கையர், நேபாள விசா மேசையிலும் திரும்பும் வழியிலும் பதில் சொல்ல முடியாமல் நிற்க நேரிடும்.

இந்தியக் குடிவரவு அலுவலகத்தைக் கடைகளுக்கு நடுவே விசாரித்துத்தான் கண்டுபிடித்தோம். அதிகாரி விசாப் பக்கத்தை விரலால் அழுத்திப் பிடித்து, பலமுறை நுழைவதற்கு அனுமதி உண்டா என்றுதான் முதலில் பார்த்தார். (மறுபடி இந்தியா வந்து விமானம் ஏறுகிறவர்களுக்கு அது இன்றியமையாதது, விண்ணப்பிக்கும்போதே கேட்டு வாங்குங்கள்.) இலங்கை என்றதும், பௌத்த யாத்திரிகர்களைப் பார்த்துப் பழகியவராகையால், "லும்பினியா?" என்று புத்தர் பிறந்த தலத்தைச் சொல்லிக் கேட்டார். குடும்பப் பெயருக்குரிய இடத்தில் அச்சாகியிருந்த தாத்தாவின் பெயரைச் சொல்லி, அவர் எங்கே என்று தேடினார். அது அம்மாவின் தகப்பனார் பெயர் என்று விளக்கினேன். பின்பு, தமிழ் பேசுகிறவர் இந்தியர்தானே, பூர்வீகம் எது என்று அம்மாவிடம் கேட்கச் சொன்னார். முன்னோர் திருச்சிப் பக்கத்திலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்ததை அம்மா மறைக்கவில்லை. ஆனால், "நான் பிறந்தது டிக்கோயாவில. நான் இலங்கைக்காரி" என்று அழுத்திச் சொன்னார். 1948ஆம் ஆண்டு இலங்கைக் குடியுரிமைச் சட்டம் நாடற்றதாக்கிய குடும்பத்தில் பிறந்து, 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே குடியுரிமை பெற்றவர் அவர். அவர் சொன்னதை ஒரு சொல்லும் குறையாமல் ஆங்கிலத்தில் சொன்னபோது எனக்கு நெஞ்சு நிறைந்தது. அதிகாரி மேலும் எதுவும் கேட்காமல் முத்திரையிட்டார்.

அப்பால், நேபாளப் பக்கத்துப் பெலஹியாவில் வேலை சுலபம். அந்த ஆண்டின் முதல் வருகையென்றால் இலங்கையருக்கு 30 நாள் விசா கட்டணமின்றிக் கிடைக்கிறது. கடவுச்சீட்டும் புகைப்படமும் கையில் இருக்க வேண்டும். முத்திரையின் திகதியை மேசையருகிலேயே சரிபார்த்துவிட்டு, பைரஹவா பேருந்தில் ஏறினோம்.