எக்ஸாஸ்ட் பிரேக் நாட்குறிப்பு: கொலராடோ, ஜூன் 2025

ஜூன் 3, செவ்வாய்

வண்டி: பின் எஞ்சின் டீசல் மோட்டார்ஹோம். கம்மின்ஸ் ஐ.எஸ்.பி. 5.9 லிட்டர், 300 குதிரைத்திறன், ஆலிசன் 3000 எம்.எச். ஆறு கியர் ஆட்டோமேட்டிக், பின் அச்சு 4.63, ஏர் பிரேக். சுமையோடு ஏறத்தாழ 12 டன்.

எக்ஸாஸ்ட் பிரேக் என்பது புகைக்குழாயை ஒரு வால்வால் அடைத்து, எஞ்சினையே வண்டியைப் பிடிக்க வைக்கும் கருவி. சோலினாய்டு என்ற மின் வால்வு காற்றைத் திறந்துவிட, காற்றுச் சிலிண்டரின் ராட் லீவரைத் தள்ளி, ஷாஃப்ட்டைத் திருப்பி வால்வை மூடும்.

புகார்: எக்ஸாஸ்ட் பிரேக் ஸ்விட்ச் போட்டால் டாஷ்போர்டு விளக்கு எரிகிறது, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் கியரும் இறங்குகிறது. ஆனால் பிடிப்பு இல்லை.

"கியர் இறங்குகிறது" என்ற சொல்லிலேயே பாதி விடை இருக்கிறது. எக்ஸாஸ்ட் பிரேக் வேலை செய்யும்போது ஆலிசன் பெட்டி முன்பே குறித்து வைத்த கியரை நோக்கி, 2 அல்லது 4, படிப்படியாக இறங்கும். எஞ்சின் சுற்று எல்லை மீறும் என்றால் இறங்காது, காத்திருக்கும். இங்கே அது இறங்குவதால் ஸ்விட்ச், ஆக்சிலரேட்டர் சென்சார், கியர்பெட்டிக்குப் போகும் செய்தி எல்லாம் சரி. பழுது அதற்கு அப்பால்: சோலினாய்டு, காற்று, அல்லது வால்வு. ஸ்விட்ச்சைக் கழற்றிப் பார்ப்பதில் ஒரு நாளை வீணாக்க வேண்டியதில்லை.

கியரும் இறங்காமல் இருந்திருந்தால் தேட வேண்டிய இடமே வேறு: ஃபியூஸ், ஸ்விட்ச், பெடலிலிருந்து கால் எடுத்ததைக் காட்டாத சென்சார். இன்னொன்று, டார்க் கன்வெர்ட்டர் லாக்-அப் (எஞ்சினையும் கியர்பெட்டியையும் நேராகப் பிணைக்கும் பூட்டு) விட்டுவிட்டால் பிரேக்கும் விட்டுவிடும். ஊருக்குள் 15 மைல் வேகத்தில் "பிரேக் வரவில்லை" என்பது பெரும்பாலும் பழுதே அல்ல.

ஜூன் 4, புதன்

கீழே இறங்குமுன்: பார்க்கிங் பிரேக், சக்கரத்துக்குக் கட்டை, சேஸிஸுக்கு அடியில் ஸ்டாண்ட். ஏர் சஸ்பென்ஷன் வண்டியில் காற்றுப்பையை நம்பி எவரும் அடியில் படுக்கக் கூடாது. ஒரு குழாய் விட்டுப்போனால் சேஸிஸ் நொடியில் இறங்கிவிடும், ஆள் நகர நேரம் கிடைக்காது.

எஞ்சினை அணைத்து, டேங்கில் 110 பி.எஸ்.ஐ. காற்று வைத்துக்கொண்டு, சோலினாய்டின் பிளக்கைப் பிடுங்கி பேட்டரியிலிருந்து நேராக 12 வோல்ட் கொடுத்துப் பார்த்தது. 'டக்' என்ற சத்தம் வந்தது. ராட் கால்வாசி நகர்ந்து நின்றுவிட்டது. சிலிண்டருக்குப் போகும் குழாயைக் கழற்றினால் காற்று பலமாக வருகிறது, ஆகவே சோலினாய்டு திறக்கிறது. குழாயைத் திரும்ப மாட்டி, ராடை லீவரிலிருந்து விடுவித்துக் கொடுத்தால் ராட் முழு நீளமும் ஓடுகிறது. சிலிண்டரும் நல்லது, சீலில் கசிவுச் சத்தம் இல்லை. மிச்சம் வால்வின் ஷாஃப்ட்தான். லீவரைக் கையால் அசைக்கவே முடியவில்லை.

அதோடு விடவில்லை. ஒரு பழுது கிடைத்ததும் நிறுத்துவது மெக்கானிக்குகளின் பொதுவான வழுக்கல். வண்டியின் சொந்த வயரிங் சோலினாய்டுக்கு எவ்வளவு கொடுக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். நிற்கும் வண்டியில் எஞ்சின் கம்ப்யூட்டர் கரண்ட் விடாது, எனவே மீட்டரின் வயரை நீட்டி உள்ளே கொண்டுவந்து, ஒருவர் ஓட்ட இன்னொருவர் படித்தது: 9.1 வோல்ட். எர்த் பக்கத்தில் மட்டும் 3 வோல்ட்டுக்கு மேல் தொலைகிறது. அங்கே 0.2க்கு மேல் இருக்கக் கூடாது.

ஜூன் 5, வியாழன்

எர்த் வயர் சேஸிஸில் சேரும் இடத்தில் துரு, பெயிண்ட் இரண்டும். கம்பிப் பிரஷ்ஷால் பளபளக்கத் தேய்த்து, பல் வாஷர் வைத்து முடுக்கி, மேலே சிலிகான் கிரீஸ். 12.3 வோல்ட் வந்தது.

ஷாஃப்ட்டின் இரு முனைகளிலும் துரு இளக்கும் எண்ணெய் விட்டு, ராத்திரி முழுதும் ஊற விடப்பட்டது. எரிவாயு டார்ச்சால் சூடுகாட்டும் பழக்கம் சிலரிடம் உண்டு. எரிபொருள் குழாயும் வயரும் சாணளவில் இருக்கும் இடத்தில் அது வேண்டாத வேலை.

ஜூன் 6, வெள்ளி

லீவரில் ஸ்பேனர் வைத்து, சிறிது சிறிதாக முன்னும் பின்னும். முதல் பத்து முறை அசைவு ஒரு விரல் அகலம்கூட இல்லை. நாற்பது முறைக்குள் முழு வீச்சும் வந்தது. புஷ்ஷில் தேய்மானம் பெரிதாக இல்லை. அடைத்திருந்தது கரியும் துருவும் கலந்த ஒரு கறுப்புப் பசை.

இது ஏன் வருகிறது? பயன்படுத்தாததால்தான். மலையே இல்லாத ஊர்களில் மாதக்கணக்கில் ஸ்விட்ச்சைத் தொடாமல் ஓட்டினால், ஈரப்புகை ஷாஃப்ட் முனையில் படிந்து இறுகிவிடும். சமவெளியிலும் தினம் நாலைந்து முறை போட்டு எடுக்க வேண்டும். புதிய வண்டிகளில் தனி வால்வு இல்லாமல் டர்போவின் நகரும் வளையமே புகை போகும் வழியை அடைக்கும். அங்கும் இதே கதை, அந்த வளையத்தில் கரி படிந்தால் பிரேக் மட்டுமல்ல, இழுவையும் போகும்.

எண்ணெய் தடவுவதில் ஒரு குறிப்பு. சாதாரண ஸ்பிரே எண்ணெய் சூட்டில் எரிந்து கோந்தாகிவிடும், அடுத்த இறுக்கத்துக்கு அதுவே விதை. எக்ஸாஸ்ட் பிரேக்குக்கென்று விற்கும் உயர்வெப்ப செயற்கை லூப்ரிகன்ட் மட்டும். இரு முனைக்கும் சில சொட்டு, ராட் இணைப்புக்குக் கொஞ்சம்.

சிலிண்டரின் காற்றை வெளியேற்றினால் லீவர் திறந்த நிலை ஸ்டாப்பரைத் தொடுகிறதா என்று பார்ப்பது முக்கியம். பாதி மூடி நின்றால் வண்டி இழுக்காது, கரும்புகை தள்ளும், எஞ்சின் கொதிக்கும், டீசல் குடிக்கும். "டர்போ போச்சு" என்று டர்போவைக் கழற்றவும் செய்வார்கள்.

சிலிண்டருக்கு வரும் நைலான் குழாய் எக்ஸாஸ்ட் பைப்பை ஒட்டிச் சூட்டில் விறைத்திருந்தது. ஸ்டீல் பின்னல் போட்ட டெஃப்லான் ஹோஸ் மாற்றப்பட்டது. டர்போவுக்கும் வால்வுக்கும் இடையிலான கிளாம்ப்பில் கறுப்புக் கோடு. கசிவு. வால்வுக்கு முன்னால் கசிந்தால் அழுத்தம் ஏறாது. கிளாம்ப் கழற்றி, விளிம்பைத் துடைத்து, திரும்பப் போட்டது.

ஜூன் 9, திங்கள்

பரிசோதனை. வால்வு உடலில் உள்ள சோதனைத் துளையில் ஒரு மீட்டர் செம்புக்குழாய், பிறகு ரப்பர் ஹோஸ், 0–100 பி.எஸ்.ஐ. கேஜ். செம்பு இல்லாமல் நேராக ரப்பரை மாட்டினால் உருகும்.

பாதை: ஐ-70, ஐசன்ஹோவர் சுரங்கத்திலிருந்து மேற்கே சில்வர்தார்ன் வரை. சுரங்க வாய் 11,158 அடி உயரம், இறக்கம் 7 சதவீதம் வரை, பிரேக் இழந்த லாரிகளுக்கான சரளைச் சரிவுகளும் வழியில் உண்டு.

முதலில் கணக்கு. 12 டன், 7 சதவீதம், 30 மைல் வேகம்: புவியீர்ப்பு தள்ளுவது ஏறத்தாழ 110 கிலோவாட். டயரும் காற்றும் 18 அளவில் தின்னும். மிச்சம் 92. எக்ஸாஸ்ட் பிரேக் 60 பி.எஸ்.ஐ. வைத்து 2,400 ஆர்.பி.எம்.மில் 50 கிலோவாட்டுக்குச் சற்றுக் கீழே, எஞ்சினின் உள் உராய்வு 25க்குமேல். ஆக 15 கிலோவாட்டை வீல் பிரேக்தான் சுமக்க வேண்டும். எக்ஸாஸ்ட் பிரேக் மட்டுமே பிடித்து நிறுத்தும் என்று எதிர்பார்ப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததில்லை.

கேஜ்: 2,450 ஆர்.பி.எம்.மில் 54 பி.எஸ்.ஐ., 1,800இல் 30. உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் சற்றுக் குறைவு. வேகம் குறையக் குறைய பிடிப்பும் விழுகிறது என்பதை அந்த 30 காட்டுகிறது. அளவு 60ஐத் தாண்டக் கூடாது: அதற்குமேல் எஞ்சினுக்குள் இருக்கும் எக்ஸாஸ்ட் வால்வின் ஸ்பிரிங் தாங்காமல் அந்த வால்வு தானாக எழும்பும். பழைய 12 வால்வு எஞ்சினில் கம்பெனி ஸ்பிரிங்கோடு இவ்வளவு அழுத்தமே கூடாது, பலமான ஸ்பிரிங் மாற்ற வேண்டும்.

ஜூன் 10, செவ்வாய்

ஓட்டும் முறை. உச்சியைக் கடப்பதற்கு முன்பே வேகம் குறைத்து, கியரைத் தேர்ந்து, ஸ்விட்ச் போட்டுவிட வேண்டும். இந்த வண்டியில் 2ஆம் கியரில் 30 மைல், 3இல் 40, 4இல் 55: மூன்றுமே 2,400 சுற்றுவட்டாரம். இறக்கத்தின் நடுவில் 55இல் போய்க்கொண்டு 2ஐ அழுத்தினால் பெட்டி இறங்காது. அப்போது வேகம் ஏறிக்கொண்டே போகும்.

வீல் பிரேக் தேவைப்படும்போது தடவிக்கொண்டே வரக் கூடாது. பாதுகாப்பான வேகம் 30 என்றால், 30ஐத் தொட்டதும் உறுதியாக மிதித்து மூன்று நொடியில் 25க்கு வந்து, முழுக்க விட வேண்டும். மறுபடி 30 ஏறட்டும். டிரம் குளிர இடைவெளி கிடைக்கும்.

மழை, பனி என்றால் ஸ்விட்ச் அணைந்திருக்கட்டும். பிடிப்பு பின் சக்கரத்தில் மட்டும் விழும், வால் வழுக்கும்.

நகர எல்லையில் எஞ்சின் பிரேக் தடை என்று பலகை இருந்தால், அது ஜேக் பிரேக்கின் படபடப்புச் சத்தத்துக்காகத்தான் பெரும்பாலும். அது வேறு கருவி: அழுத்திய காற்றைப் பிஸ்டன் உச்சியில் திறந்துவிடுவது. 1931இல் கலிஃபோர்னியாவின் கஹோன் கணவாயில் கிளெஸ்ஸி கம்மின்ஸ் பிரேக் இழந்த லாரியில் இறங்கி, கீழே சரக்கு ரயில் குறுக்கே போக மயிரிழையில் தப்பினார். அந்த நினைவில் பிறந்தது அது, 1961இல் ஜேக்கப்ஸ் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

ஜூன் 12, வியாழன்

பின்னால் கார் இழுத்துச் செல்பவர்களுக்கு மட்டும். சில வண்டிகளில் எக்ஸாஸ்ட் பிரேக் போட்டாலே ரிலே வழியாகப் பிரேக் விளக்கு எரியும். இழுக்கப்படும் காரின் பிரேக் கருவி அந்த விளக்குச் சிக்னலை நம்பியதாக இருந்தால், இறக்கம் முழுக்கக் காரின் பிரேக் அழுந்தியே வரும். கீழே வந்து இறங்கியதும் காரின் சக்கரத்தருகே கையைக் கொண்டுபோனால் தெரியும், தொடாமலே. இந்த வண்டியில் அப்படித்தான் இருந்தது. கார்க் கருவியின் சிக்னல் வயரை ரிலேயிலிருந்து எடுத்து, பெடல் ஸ்விட்ச்சில் நேராக, ரிலேயிலிருந்து திரும்பி வராதபடி ஒரு டயோடு வைத்துக் கொடுத்தது. பழைய விளக்கு வயர் அப்படியே.