பால்மரச் சாடி ஏன் அடியில் வெடிக்கிறது

பால்மரம் எனும் ரப்பர் மரக் கட்டையில் சாடி கடைகிறவர்கள் சுவரை எவ்வளவு மெல்லிசாக இறக்கலாம் என்றே பார்க்கிறார்கள். வெடிப்போ பெரும்பாலும் அடியில்தான் வருகிறது. சுவர் 6 மில்லிமீட்டர், அடிப்பாகம் 20 மில்லிமீட்டர் என்று விட்டால் சுவர் சீக்கிரம் காய்ந்து சுருங்கும், அடி ஈரத்தோடு கிடக்கும். அந்த இழுபறியில் மரம் பிளந்துவிடும்.

1877இல் மலேசியாவின் கோலகங்சாரில் கன்று நட்ட நாளிலிருந்து பாலுக்காகவே பார்க்கப்பட்ட மரம். சுங்கை சிப்புட் பக்கம் மறுநடவுக்குத் தோட்டத்தில் 25, 30 வயது மரங்களைத் தள்ளும்போது அருமையான கட்டை கிடைக்கும். ஆனால் மாவுச்சத்து நிறைந்த கட்டை. இந்த வெக்கையில் சில நாளிலேயே பூஞ்சையால் நீலம் பாயும், அப்புறம் துளைப்பூச்சி. அறுத்த அன்றே இரண்டு முனைக்கும் உருக்கிய மெழுகு பூசி, இரண்டு நாளுக்குள் கடைந்துவிடுங்கள். பால் வெட்டும் சீவுகத்தி ஆழமாக இறங்கிய பகுதியில் கட்டை முண்டும் முடிச்சுமாக இருக்கும். முதல் சாடிக்கு அதற்கு மேலிருந்து எடுப்பது நல்லது.

கட்டையை நீளவாக்கில் பிளந்து, நடு நெட்டியிலிருந்து ஒரு அங்குலமாவது தள்ளி எடுங்கள். நெட்டி அடியில் மாட்டினால் வெடிப்பு நிச்சயம். லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) கட்டையைக் கவ்வுவது சக். அதன் 50 மில்லிமீட்டர் தாடைக்குள் பிடிக்க, கட்டையின் அடியில் 8 மில்லிமீட்டர் நீளத்தில் குமிழ் போதும். குமிழின் நுனி சக்கின் தரையைத் தொடக்கூடாது, குமிழ் தொடங்கும் இடத்திலுள்ள தோள்தான் தாடையில் படிய வேண்டும். ஈரக்கட்டை தாடைக்குள் நசுங்கும் என்பதால் பத்து நிமிடம் ஓட்டியபின் நிறுத்தி மறுபடி முறுக்குங்கள். பல சாடிகள் பறப்பது இதை மறந்ததால்தான். முகக்கவசம் இல்லாமல் லேத் பக்கமே போகாதீர்கள்.

வெளிவடிவம் முழுதும் முடித்தபின், ஒரு அங்குலத் துளைக்கம்பியால் நடுவில் ஆழம் போடுங்கள். வாயிலிருந்து குமிழின் தோள் வரைதான் சாடி. அதில் 8 மில்லிமீட்டர் மிச்சம் வைத்து, கம்பியில் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். குமிழின் நீளத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டவருக்கு கடைசியில் அடியே இருக்காது.

உள்ளே குடைவது துளையிலிருந்து வெளிப்பக்கமாக. உளியின் நுனி மையக்கோட்டிலோ ஒரு மயிரிழை மேலேயோ இருக்கட்டும்; மாட்டிக்கொண்டால் நுனி கீழே வெற்றிடத்துக்குள் இறங்கும், மரத்தைக் கவ்வாது. 12 மில்லிமீட்டர் உளிக்கம்பியை நான்கு அங்குல ஆழத்துக்கு மேல் நம்பாதீர்கள். ஈரச் சீவல் குறுகிய வாயில் அடைத்து உளியை நெட்டித் தள்ளும். அரை நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி வழித்தெடுக்க வேண்டும்.

வாயிலிருந்து இரண்டு அங்குலத்தை முடிவான கனத்துக்கு இறக்கி, பிறகுதான் அடுத்த இரண்டு அங்குலம். முடித்த இடத்துக்குத் திரும்பப் போகக்கூடாது. ஈரச்சுவர் அதற்குள் கோணியிருக்கும், உளி பட்டால் அதிர்ந்து கிழியும். சுவர் மெலிய மெலிய ஓசை ஏறும். கட்டையின் கனத்த ஒலி மாறி, கீச்சென்று வந்தால் கையை எடுத்துவிட்டு அளவுகோலி வைத்துப் பாருங்கள்.

குமிழை நாளைக்கு வெட்டலாம் என்று விடாதீர்கள். குமிழ் இருக்கும்வரை அடி கனமாகத்தான் இருக்கும். அன்றே சாடியைக் கவிழ்த்து, பழைய கட்டையில் கடைந்த முளையில் மாட்டி, குமிழை எடுத்து அடியையும் சற்றுக் குழித்துவிடுங்கள். பிறகு பூச்சி வராமலிருக்கப் போரிக் அமிலக் கரைசலில் நனைத்து, வழிந்ததும் காகிதப்பையில் போட்டு, காற்றாடிக்கு எட்டாத மூலையில் வையுங்கள். வாரம் ஒருமுறை எடை போடுங்கள். இரண்டு வாரம் எடை மாறாவிட்டால் மணல்தாள் போடலாம்.