நெடுந்தீவுக்கு ஒரு மடிப்பேடு

யாழ்ப்பாணத்துக்கு அப்பால் கடலில் இருக்கும் நெடுந்தீவுக்குப் போகிறவர்கள் நிமிர்ந்த பக்கம் கொண்ட வரைபுத்தகத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம். அந்தத் தீவில் உயரம் என்று சொல்ல அதிகம் இல்லை. பனைகள், கோயில்கள், ஒரு பெருக்க மரம் (பேயோபாப்), தென்கரையில் ஒரு பழைய வெளிச்சக் கோபுரம். மற்றதெல்லாம் படுத்துக் கிடக்கும் நிலம். அதனால் சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள கனத்த நீர்வண்ணத் தாளை ஒரு சாண் உயரத்துக்கு நீளநீளமாக வெட்டி, முனைகளை ஒட்டி, முன்னும் பின்னுமாக மடித்து, இரண்டு பக்கமும் கனத்த அட்டை வைத்துக்கொண்டேன். விரித்தால் ஒரே நீளப் படம், மடித்தால் கைப்பைக்குள் அடங்கும்.

வேலையில் நான் கட்டடப் படம் வரைபவள். வாரம் முழுக்க அளவுகோலும் கணினியும்தான். ஆகவே விடுமுறை நாளில் நேர்க்கோடு என்ற சொல்லே பிடிப்பதில்லை. அதற்குக் குறிகட்டுவானிலிருந்து புறப்படும் படகு மிகவும் உதவியாக இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு என்று பஸ்ஸில் வந்து, இறங்குதுறையில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரக் கடல். எஞ்சினின் அதிர்வு இருக்கையில் ஏறி, முழங்கையில் ஏறி, பேனா முனையில் வந்து நிற்கும். கையை இறுக்கிப் பிடித்தால் கோடு உடையும். தளர விட்டால் கடலின் கோடு தானாகவே நடுக்கத்தோடு வரும், அதுதான் எனக்கு வேண்டும்.

படகில் வரைவதற்கு மிக நல்ல பொருள் பிடரி. முன் வரிசையில் இருப்பவர் திரும்பப்போவதில்லை, தன்னை வரைவது அவருக்குத் தெரியவும் தெரியாது. கொண்டை, நரைத்த கழுத்துமுடி, தோளில் தூங்கும் குழந்தையின் ஒரு கால், நடைபாதையில் அடுக்கிய சீமெந்து மூட்டைகள். தீவுக்கு வேண்டிய அரிசி, மரக்கறி, காஸ் எல்லாம் மனிதர்களோடு சேர்ந்துதான் பயணம் செய்கின்றன. பார்க்கப் போகிறவர்கள் நாங்கள் ஒரு சிலர். மற்றவர்கள் வீட்டுக்குப் போகிறார்கள்.

மாவிலித்துறையில் இறங்கியதும் திரும்பும் படகு எத்தனை மணிக்கு என்று கேட்டு உள் அட்டையில் எழுதிக்கொள்வேன். அந்த நேரம் நாளுக்கு நாள் மாறலாம், கேட்காமல் நடக்கக்கூடாது. துறையருகே குமுதினிப் படுகொலையின் நினைவிடம் இருக்கிறது. 1985 மே 15 அன்று இந்தத் தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகின் பயணிகள் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அதே கடலின் மேல் பிடரிகளை வரைந்துகொண்டு வந்திருந்தேன். நினைவிடத்தைப் படமாக்க மனம் வரவில்லை. பிடரிகளுக்குக் கீழே அந்தத் தேதியை எழுதினேன்.

ஓட்டோ ஓட்டிவந்த தம்பியிடம் ஒரு பட்டியல் இருந்தது: ஒல்லாந்தர் கோட்டை, புறாக்கூடு, பெருக்க மரம், குதிரைகள், பெரிய பாதச்சுவடு, வளரும் கல். எல்லாவற்றுக்கும் இத்தனை நிமிடம் என்று கணக்கும் வைத்திருந்தார். நான் முதல் ஒழுங்கையிலேயே நிறுத்தச் சொன்னேன்.

“அக்கா, இங்கே ஒன்றும் இல்லையே?”

“மதில் இருக்கிறதே.”

“மதிலை வரையவா இவ்வளவு தூரம் வந்தீர்கள்?”

ஆம். நெடுந்தீவின் மதில்களுக்காகவே எத்தனை தடவையும் வரலாம். முருகைக்கல்லை, அதாவது பவளப்பாறைக் கல்லை, ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றி வைத்திருக்கிறார்கள். சுண்ணாம்பும் இல்லை, சீமெந்தும் இல்லை. ஒழுங்கையின் இரு பக்கமும் நெஞ்சளவு உயரத்தில் அவை வளைந்து வளைந்து போகின்றன. ஒவ்வொரு கல்லாக வரையத் தொடங்கினால் பின்னேரப் படகு போய்விடும். அதனால் கல்லை விட்டுவிட்டு இடைவெளியை வரைவேன். கல்லும் கல்லும் முட்டாத இடத்தில் இருக்கும் முக்கோண இருட்டு, மறுபக்க வெளிச்சம் தெரியும் சிறு துளை. அவற்றை மட்டும் கறுப்பு மையால் குறித்துக்கொண்டு போனால் கற்கள் தாமாகவே எழுந்து நிற்கும். அரை மணி நேரம் இப்படி இருந்த பிறகுதான் மதில் காற்றை மறிக்காமல் சல்லடை செய்து அனுப்புகிறது என்பது தெரிந்தது. என் தாள் படபடத்துக்கொண்டே இருந்தது. ஆனால் ஒரு முறையும் பறக்கவில்லை.

அந்த வளவுக்கார அம்மா படலையைத் திறந்து, “பிள்ளை, வெயிலில் இருக்காமல் திண்ணையில் வந்து இரும்” என்றார். தேநீரும் பனங்கட்டித் துண்டும் வந்தன. படத்தைப் பார்த்துவிட்டு மதிலின் கதையைச் சொன்னார். அடுக்கியவர் அவருடைய மாமனார். கல் எங்கிருந்தும் கொண்டுவரப்படவில்லை, தோட்டம் கொத்தும்போது கிளம்பிய கல்தானாம். மண் வேண்டுமென்றால் கல்லை எடுக்க வேண்டும், எடுத்த கல்லை எங்காவது வைக்க வேண்டும், வைத்தால் மாடு உள்ளே வராது. இவ்வளவுதான் பொறியியல். அலுவலகத்தில் இதற்கு நாங்கள் மூன்று தாள் படமும் ஒரு மதிப்பீடும் போடுவோம்.

சில கற்களின் முகத்தில் பவளத்தின் சுழிகள் இன்னும் அப்படியே இருக்கின்றன. ஒன்றை மட்டும் மடிப்பின் முழு உயரத்துக்குப் பெரிதாக வரைந்தேன்.

கோட்டையை ஓட்டமாகப் பார்த்தேன். இடிந்த சுவர், அதுவும் முருகைக்கல்தான். மதிலுக்குப் பிறகு அது எனக்குப் பெரிதாகப்படவில்லை. புறாக்கூட்டின் பொந்துகள் வரிசை வரிசையாக இருந்தன. அளவுகோல் ஞாபகம் வந்ததால் வரையாமல் எழுந்துவிட்டேன். பெருக்க மரத்தின் தாயகம் ஆப்பிரிக்கா, அரபு வணிகர்கள் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். அதன் அடிமரம் மட்டுமே என் தாளுக்குப் போதாது. அதன் பருமனைக் காட்ட ஆள் வேண்டும் என்று காத்திருந்தபோது ஒரு குடும்பம் வந்து அடிமரத்துப் பொந்துக்குள் நுழைந்தது. ஒருவர் பின் ஒருவராக அவர்கள் குனிந்து வெளியே வந்த வரிசையை வரைந்தேன். கடைசியாக வந்த பாட்டியார் சேலையைத் தட்டிக்கொண்டு நின்றது நன்றாகவே விழுந்திருக்கிறது.

குதிரைகள் வேறு விதமான சோதனை. ஐரோப்பியர் ஆட்சிக்காலத்தில் கொண்டுவரப்பட்டவற்றின் வழிவந்த மட்டக்குதிரைகள் தெற்கு வெளியில் தாமாகவே மேய்கின்றன. மேயும் குதிரை அசையும், ஆனால் அதே நிலைக்குத் திரும்பவும் வரும். ஆகவே ஒரே நேரத்தில் மூன்று குதிரைகளைத் தொடங்குவேன்: தலை குனிந்தது, வால் வீசுவது, ஒரு பின்காலை மடித்து நிற்பது. குதிரை எந்த நிலைக்கு மாறுகிறதோ அந்தப் படத்தில் இரண்டு கோடு. விலா எலும்புகளை எண்ணி வரையக்கூடிய அளவுக்கு இருந்த ஒன்று தண்ணீர்க் குட்டையை விட்டு நகரவே இல்லை. கோடையில் இந்தத் தீவில் எல்லோருக்கும் தண்ணீர்தான் பாடு, நன்னீர்க் கிணறுகள் குறைவு. என் போத்தலில் இருந்ததைத் தூரிகை கழுவச் செலவழிக்க மனமில்லாமல், கரைக்குப் போனபோது கடல்நீரையே கிண்ணத்தில் அள்ளினேன்.

கடல்நீரில் கரைத்த வண்ணம் காயும்போது உப்பு வெள்ளைப் புள்ளிகள் பூக்க வைக்கிறது. நல்ல தண்ணீரில் தீட்டிய கடலைவிட அந்த மடிப்பில் இருக்கும் கடல் எனக்குப் பிடித்திருக்கிறது. அது நீலமும் அல்ல. இந்தப் பக்கம் கடல் ஆழமில்லை, அடிமணல் தெரியும் இளம்பச்சை. வீட்டுக்கு வந்து, கைபேசிப் படத்தைப் பார்த்து வண்ணத்தைத் திருத்துகிறவர்கள் உண்டு. நான் செய்வதில்லை. வெயிலில் அவசரமாகப் போட்ட நிறம் பிழையாக இருந்தாலும் அந்த வெயிலுடையது. ஆனால் இப்படிச் செய்பவர்கள் தாளிடைத் தாள் ஒன்று எடுத்துப்போவது நல்லது, உப்பு ஏறிய பக்கம் மழைநாளில் பிசுபிசுத்து அடுத்ததோடு ஒட்டும்.

துறைக்குத் திரும்பியபோது படகு வரச் சிறிது நேரம் இருந்தது. தம்பி தன் ஓட்டோவை வரைந்து தரச் சொன்னார். பெட்டியில் சிவப்பு கிடையாது. மதிலுக்கும் குதிரைக்கும் சிவப்பு எதற்கு? பர்ன்ட் சியென்னா என்ற செம்பழுப்பைக் குழைத்து இரண்டு பூச்சுப் பூசிக் கிழித்துக் கொடுத்தேன். தூரப் பிடித்துப் பார்த்தார், கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

“நன்றாகத்தான் இருக்கிறது அக்கா. ஆனால் இப்படித் துருப்பிடித்த ஓட்டோவில் யார் ஏறுவார்கள்?”

படத்தைத் திருப்பித் தரவும் இல்லை. கண்ணாடிக்கு மேலே பிள்ளையாருக்குப் பக்கத்தில் செருகிவிட்டு, இன்னொரு சவாரி பிடிக்கப் போனார்.