கேரனுக்கு அப்புறம் என்ன ஆச்சு?

ஈரோட்டுப் பக்கம் ஒரு சபை நடத்துகிற பெண்கள் விடுதியில் வார்டனாக இருக்கிறேன். பிள்ளைகள் வாயில் அது இன்னமும் 'போர்டிங்'தான். எட்டாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கிறவர்கள். பர்கூர் மலை, தாளவாடி, அந்தியூர், சென்னிமலை எனப் பல ஊர். அப்பா அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனிக்கோ விசைத்தறிக்கோ போகிறவர்கள். சோறு, காய்ச்சல், நாப்கின் கணக்கு, பரீட்சை என்று வேலை ஓடிக்கொண்டே இருக்கும். அதோடு புதன்கிழமை சாயங்கால ஜெபத்துக்குப் பிறகு ஒரு வகுப்பும் என் பொறுப்பு. அட்டவணையில் அதற்குப் 'பரிசுத்த வாழ்வு' என்று போட்டிருக்கும்.

அந்தத் தலைப்பைக் கேட்டாலே புதிதாக வந்த பிள்ளைகள் தலையைக் குனிந்துகொள்வார்கள். அவர்கள் இதுவரை கேட்டது அப்படி. வெளியிலிருந்து பேச வந்த ஒருவர், ஒரு முழம் மல்லிகையைப் பிள்ளைகளிடம் கை மாற்றிக் கை மாற்றிக் கொடுக்கச் சொன்னார். கடைசியில் கசங்கிப்போனதைத் தூக்கிக் காட்டி, "இதை யாராச்சும் தலையில வெச்சுக்குவீங்களா?" என்று கேட்டார். இன்னொருவர் பழமொழி சொன்னார். முள்ளு மேல சேலை விழுந்தாலும், சேலை மேல முள்ளு விழுந்தாலும் கிழியறது சேலைதான். ஊரில் எல்லோரும் சொல்வதுதான். முள்ளை மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. எதிரே உட்கார்ந்திருக்கிறவர்களில், சொந்த வீட்டிலேயே யாரோ தப்பாகத் தொட்ட பிள்ளை ஒருத்தி இருந்தால், அந்தக் கசங்கின பூவைப் பார்த்து அவள் என்ன நினைத்துக்கொள்வாள்?

இது சபை மட்டும் ஏற்றிவைத்த சுமை என்று சொல்ல மாட்டேன். சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரையில், கொங்கு நாட்டை ஆண்ட கொங்கிளங்கோசர் தங்கள் நாட்டில் பத்தினி கண்ணகிக்கு விழா எடுத்தார்கள், அதன்பின் மழை தவறவில்லை என்று வருகிறது. அன்றைக்கே மழையைக் கொண்டுபோய்ப் பெண்ணின் கற்பில் கட்டிவிட்டார்கள். இன்றைக்கு நாம் பவானிசாகர் அணையின் நீர்மட்டத்தைப் பேப்பரில் பார்த்துக்கொள்கிறோம். சுமை மட்டும் இறங்கவில்லை.

என் வகுப்பில் பூவும் இல்லை, பழமொழியும் இல்லை. கதைதான். முதல் கதை எப்போதும் பைபிளில் வரும் யோசேப்பு.

பரிசுத்தம் பற்றிய கதை ஒரு பையனிடமிருந்து தொடங்குவதே பிள்ளைகளுக்கு ஆச்சரியம். அண்ணன்மார் கதையில் வரும்போது அவனுக்குப் பதினேழு வயது, கிட்டத்தட்ட இவர்கள் வயதுதான். எகிப்தில் போத்திபார் வீட்டில் அடிமை. எஜமானின் மனைவி தினமும் வற்புறுத்துகிறாள். ஒருநாள் உடுப்பைப் பிடித்து இழுக்க, அதை அவள் கையிலேயே விட்டுவிட்டு ஓடுகிறான். இந்த இடத்தில் பெரிய பிள்ளைகளின் முகம் மாறும். இவர்களில் சிலருடைய அக்காமார் மில் விடுதியில் தங்கி வேலை பார்த்தவர்கள். மூன்று வருஷம் முடித்தால் கல்யாணத்துக்கு மொத்தமாக ஒரு தொகை என்று சொல்லி ஆள் எடுத்த சுமங்கலித் திட்டம் இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சம்பளம் போடுகிறவன் கையைப் பிடித்தால் என்ன ஆகும் என்று அவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஒரு தடவை பத்தாம் வகுப்புப் பிள்ளை கேட்டாள்: "ஏனுங்க்கா, ஓடுனவனத்தானுங்களே ஜெயில்ல போட்டாங்க?"

ஆமாம், அவனைத்தான் போட்டார்கள். இந்த இடத்தில் அவசரப்பட்டு, "ஆனால் பிறகு அவன் எகிப்துக்கே அதிகாரியானான்" என்று முடித்துவிடுவது சுலபம். நான் முடிப்பதில்லை. அந்த வாரம் யோசேப்பு ஜெயிலிலேயே இருப்பான். பொய்ப் புகாரை எஜமான் நம்பிவிட்டான், ஊர் முழுக்கக் கெட்ட பேர், ஆனாலும் பையன் சுத்தமாகத்தான் இருக்கிறான். நல்ல பேர் வேறு, பரிசுத்தம் வேறு. நம் ஊரில் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பித்தான் பாதிப் பெண்களின் வாயை அடைக்கிறோம். "இருதயத்தில் சுத்தமுள்ளவர்கள் பாக்கியவான்கள்" என்று மனப்பாடமாகச் சொல்லும் பிள்ளைகள், அன்றைக்குத்தான் அதைக் கொஞ்சம் நின்று யோசிப்பார்கள்.

விடுதியில் கத்தோலிக்கப் பிள்ளைகளும் உண்டு. அவர்களுடைய பைபிளில் தானியேல் புத்தகத்துக்குப் பதின்மூன்றாம் அதிகாரம் இருக்கிறது, எங்களுடையதில் இல்லை. அதில் வரும் சூசன்னா கதையைக் கருமத்தம்பட்டிப் பக்கத்துப் பிள்ளை ஒருத்திதான் சொன்னாள். மூப்பர் இரண்டு பேர் தங்கள் ஆசைக்கு இணங்கச் சொல்லி மிரட்டுகிறார்கள். அவள் இணங்காமல் கத்திவிடுகிறாள். அவளை ஒரு வாலிபனோடு மரத்தடியில் பார்த்ததாக அவர்கள் பொய் சொல்ல, ஊர் மூப்பர்களைத்தான் நம்புகிறது. தானியேல் என்ற இளைஞன் அவர்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டு, "எந்த மரத்தடியில் பார்த்தாய்?" என்று கேட்க, ஆளுக்கொரு மரத்தைச் சொல்லி மாட்டிக்கொள்கிறார்கள். போலீஸ் கதை கேட்கிற மாதிரி வாயைப் பிளந்து கேட்டார்கள். நான் அன்று வகுப்பே எடுக்கவில்லை.

அப்புறம் நாங்களே கட்டின கதை. அதில் வரும் பெண்ணுக்கு பைபிளில் உள்ள யோபுவின் மூன்றாவது மகள் பெயரை வைத்தேன், கேரேனாப்புக். விடுதியில் யாருக்கும் இல்லாத பெயராக வேண்டுமென்று தேடிப் பிடித்தேன். இருக்கிற பெயரை வைத்தால் அந்தப் பிள்ளையை மற்றவர்கள் சும்மா விடமாட்டார்கள். பெயரைக் கேட்டுச் சிரித்துத் தீர்த்த பிறகு அதைக் 'கேரன்' என்று சுருக்கிக்கொண்டார்கள். கேரன் ப்ளஸ் ஒன், கோபி பக்கம் ஊர், பஸ்ஸில் ஒரு பையனைப் பார்க்கிறாள். வாட்ஸ்அப்பில் முதலில் வணக்கம், பிறகு பாட்டு, ஒருநாள் போட்டோ கேட்கிறான். அங்கே நிறுத்திவிடுவேன். அடுத்து என்ன என்பதைப் பிள்ளைகள்தான் சொல்ல வேண்டும். முதலில் எல்லோரும் நீதிபதிகள்: "போனைப் புடுங்கிப்போடோணும்." கொஞ்ச நேரத்தில் ஒரு குரல்: "அவளுக்கு நெசமாவே புடிச்சிருந்தா?" அங்கேதான் வகுப்பு தொடங்குகிறது. பிடிப்பது பாவமில்லை என்று சொல்வேன். உடல் கர்த்தர் தந்தது, அதற்குக் கல்யாணம் வரை காத்திருக்கலாம் என்பதையும் மழுப்பாமல் சொல்வேன். எனக்கு அதில் நம்பிக்கை உண்டு. போட்டோ அனுப்பிவிட்ட கேரனும் எங்கள் கதையில் உண்டு. அவள் அழுதுகொண்டு வந்து நிற்கிற கதவு என் அறைக் கதவு.

கேரனைப் பற்றிப் பேசுகிற மாதிரி சொந்தக் கதையைச் சொல்ல வருகிறவர்களும் இருக்கிறார்கள். "கேரனுக்கு லீவுக்கு ஊருக்குப் போகப் பிடிக்கலீங்க்கா, அங்க ஒருத்தர் இருக்காரு" என்றாள் ஒருத்தி. இதை ரகசியமாக வைத்துக்கொள்ள எனக்கு அனுமதி இல்லை என்று அவளிடம் முதலிலேயே சொன்னேன். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு இப்படி நடந்தது தெரிந்தும் போலீஸுக்குச் சொல்லாமல் இருப்பதே குற்றம். பிள்ளைகளுக்கான உதவி எண் 1098க்கு அவள் பக்கத்தில் இருக்கும்போதே பேசினேன். அவளைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன்.

பையன்கள் விடுதிக்கும் இந்த வகுப்பு வேண்டுமென்று கமிட்டியில் கேட்டுக்கொண்டே இருந்தேன். "பசங்களுக்கு இதெல்லாம் எதுக்குங்க டீச்சர்?" என்றார்கள். கடைசியில் ஒரு சாயங்காலம் கொடுத்தார்கள். தீர்க்கதரிசி நாத்தானின் கதையைச் சொன்னேன். தாவீது ராஜா மாடியிலிருந்து, குளித்துக்கொண்டிருந்த பத்சேபாளைப் பார்த்து, ஆளனுப்பி அழைத்து, அவள் புருஷனைப் போரில் சாகவைத்த பிறகு, தீர்க்கதரிசி நேரே போய்த் திட்டவில்லை. அவரும் கதைதான் சொன்னார். ஏழையிடம் ஒரே ஒரு ஆட்டுக்குட்டி, மடியில் படுத்து மகளைப் போல வளர்ந்தது. பணக்காரன் தன் மந்தையை விட்டுவிட்டு அதைப் பிடித்து விருந்து வைத்தான். கோபத்தில் துள்ளின ராஜாவிடம், "நீயே அந்த மனுஷன்" என்றார்.

பின் வரிசையில் ஒரு ப்ளஸ் டூ பையன் எழுந்தான். "அந்தம்மா குளிச்சதப் பத்தி நாத்தான் ஒண்ணுமே சொல்லலீங்களா?"

ஒன்றும் சொல்லவில்லை என்றேன். நம்பவில்லை. பக்கத்துப் பையனிடம் பைபிளை வாங்கி, இரண்டாம் சாமுவேல் பன்னிரண்டாம் அதிகாரத்தை விரல் வைத்துப் படித்துப் பார்த்தான். அடுத்த மாதமும் வரச் சொல்லியிருக்கிறார்கள், இந்த முறை யோசேப்பு. அவனை அங்கேயும் ஒரு வாரம் ஜெயிலிலேயே வைக்க முடியுமா என்று தெரியவில்லை, பசங்களுக்குப் பொறுமை குறைவு.